பிரேக் ஹோஸில் துடித்த நாடி

கொல்லிமலை இறக்கத்தில், 38-ஆவது கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று மேலே, முன் பிரேக் லீவர் தொளதொளவென்று வந்து கைப்பிடியில் முட்டியது. 2023 ஆகஸ்ட், ஆடி மாதத்துக் கடைசி வாரம். அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு காரவள்ளிப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். மலையில் மொத்தம் 70 வளைவுகள், எண் அடிவாரத்திலிருந்து தொடங்கும். பாதியைத் தாண்டவில்லை.

கை தானாகவே இரண்டு மூன்று முறை லீவரைப் பம்ப் அடித்தது. மூன்றாவது அழுத்தலில் கொஞ்சம் பிடித்தது, அடுத்ததில் மறுபடியும் வெற்றாகப் போனது. பின் பிரேக்கை மிதித்து, கியரை இரண்டுக்கும் பிறகு ஒன்றுக்கும் இறக்கி, மலையோரத்து வாய்க்கால் பக்கமாக வண்டியை ஒதுக்கி நிறுத்தினேன். எதிரே பஸ் வராதது எங்கள் நல்ல நேரம். அப்பா இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "என்ன கண்ணு?" என்றார். லீவரை அழுத்திக் காட்டினேன். அவர் குனிந்து டிஸ்க்கின் பக்கம் கையைக் கொண்டுபோனார். தொடவில்லை. ஒரு சாண் தள்ளி நின்றே சூடு தெரிந்தது. பாட்டிலைத் திறந்து தண்ணீர் ஊற்றப் போனேன். "ஊற்றாதே, தானாக ஆறட்டும்" என்று தடுத்துவிட்டார்.

அரை மணி நேரம் கழித்து லீவரைப் பிடித்தால், எதுவுமே நடக்காதது போல் கெட்டியாக நின்றது. அன்றைக்கு என்னை மிகவும் பயமுறுத்தியது அதுதான். கெட்டுப்போன பொருள் கெட்டுப்போனதாகவே இருந்தால் நாம் சரிசெய்துவிடுவோம். ஆறியதும் நல்ல பிள்ளையாகிவிடும் பிரேக்கை எத்தனை பேர் அடுத்த நாளே மறந்துவிட்டு ஓட்டிக்கொண்டிருப்பார்கள்! மீதி வளைவுகளை ஒன்றாவது கியரில், ஐந்துக்கு ஒரு முறை நிறுத்தி நிறுத்தி இறங்கினோம்.

வண்டி ஹீரோ ஹோண்டா சிபிஇசட். 1999-இல் அந்த மாடல் வந்தபோது எங்கள் ஊர் இளைஞர்கள் முதலில் சுற்றி நின்று பார்த்தது 156.8 சிசி எஞ்சினை அல்ல, முன் சக்கரத்தில் பளபளத்த 240 மில்லிமீட்டர் டிஸ்க்கைத்தான். அண்ணன் 2002-இல் வாங்கினான். சிங்கப்பூர் போகும்போது சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். 15 ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பித்து, பிறகு இன்னொரு முறையும் புதுப்பித்து வைத்திருக்கிறேன். செயின், டயர், கிளட்ச் பிளேட், பிரேக் பேட் எல்லாம் பல முறை மாறியிருக்கின்றன. 21 ஆண்டுகளில் ஒரு முறைகூட மாறாதது, கைப்பிடியிலிருந்து சக்கரத்துக்கு இறங்கும் கறுப்பு ரப்பர் குழாய் ஒன்றுதான். பிரேக் ஹோஸ். அதை மாற்ற வேண்டும் என்று ஒரு மெக்கானிக்கும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அது தேய்வதில்லை, சத்தம் போடுவதில்லை, ஒழுகாதவரை கண்ணில் படுவதும் இல்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் அப்பாதான் சோதித்தார். அவர் 30 ஆண்டுகள் போர்வெல் ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இந்தியாவில் எங்கே ஆழ்துளைக் கிணறு தோண்டினாலும் அந்த வண்டியில் எங்கள் ஊர்ப் பெயர் எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். ரிக்கில் பெரும்பாலான வேலை ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் நடப்பது. ஹோஸ் வெடித்தால் ஆள் போய்விடும். அதனால் ஹோஸைப் பார்க்கும் கண் அவருக்குத் தனி. "நீ லீவரை அழுத்து" என்று சொல்லிவிட்டு, ஃபோர்க் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஹோஸை மூன்று விரல்களால் பற்றிக்கொண்டார். வைத்தியர் நாடி பார்ப்பது போலவே இருந்தது. நான் அழுத்த, அவர் தலையை ஆட்டினார். "இப்போது நீ பிடி, நான் அழுத்துகிறேன்."

பிடித்தேன். அவர் லீவரை அழுத்திய ஒவ்வொரு முறையும் என் விரல்களுக்குள் ஹோஸ் உப்பித் தணிந்தது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கு மட்டும் தெரியும் அளவு. பிறகு, டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பருக்கு மேலே, ரப்பர் இரும்பு முனைக்குள் நுழையும் இடத்தில் அதை இலேசாக வளைத்தார். நேராக இருந்தபோது வழுவழுப்பாகத் தெரிந்த மேல்தோல் வளைத்ததும் பிளந்தது. வெடித்த குதிகால் போல வரிவரியாக ஏழெட்டு விரிசல்கள்.

"ரிக்கில் ஹோஸ் இப்படி உப்பினால் அன்றைக்கே கழற்றிவிடுவோம்" என்றார் அப்பா. வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? நான்தான் 17 ஆண்டுகள் அந்த லீவரைத் தினமும் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரே இரவில் உப்பியிருந்தால் தெரிந்திருக்கும். மாதத்துக்கு ஒரு மயிரிழை உப்பினால் கையும் மாதத்துக்கு ஒரு மயிரிழை கூடுதலாக அழுத்தப் பழகிக்கொள்கிறது. ஆளுக்குத் தெரியாமலேயே ஹோஸும் கையும் சேர்ந்து கிழடு தட்டிவிடுகின்றன. ஆகவே "எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லையே" என்று பழைய வண்டிக்காரர் சொன்னால், அந்தப் பேச்சை நான் இப்போது நம்புவதில்லை. நானே அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

டிஸ்க் பிரேக் வேலை செய்யும் விதத்தைச் சொன்னால்தான் இந்தக் குழாயின் முக்கியத்துவம் புரியும். லீவரை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சின்ன பிஸ்டன் நகர்ந்து திரவத்தைத் தள்ளுகிறது. அடைபட்ட திரவத்தின் மேல் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்பது 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதி. அந்த அழுத்தம் ஹோஸ் வழியாக இறங்கி, காலிப்பரில் உள்ள பெரிய பிஸ்டனைத் தள்ளி, பேடை டிஸ்க்கோடு நெருக்குகிறது. 1969-இல் ஹோண்டா சிபி750 இந்த ஹைட்ராலிக் டிஸ்க்கைப் பெருவாரியாகத் தயாராகும் மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது முதல் அடிப்படை மாறவில்லை. சூட்சுமம் எல்லாம் திரவம் சுருங்காது, குழாய் விரியாது என்ற இரண்டு நம்பிக்கைகளில் இருக்கிறது. என் வண்டியில் இரண்டுமே பொய்த்திருந்தன.

குழாய் விரிவதை ஒரு கணக்கில் பார்க்கலாம். அமெரிக்க அரசின் வாகனப் பாதுகாப்புத் தரங்களில் 106-ஆம் எண் பிரேக் ஹோஸுக்கானது. உட்துளை எட்டில் ஒரு அங்குலமோ அதற்குக் குறைவோ உள்ள சாதாரண ஹோஸ், சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டு அழுத்தத்தில், ஓர் அடி நீளத்துக்கு 0.66 கன சென்டிமீட்டர் வரை விரியலாம் என்று அது அனுமதிக்கிறது. குறைவாக விரியும் வகைக்கு 0.33தான். பார்க்கத் தூசு போலத்தான் இருக்கும். ஆனால் மாஸ்டர் சிலிண்டரின் துளை அரை அங்குலம் என்று வைத்துக்கொண்டால், அந்த 0.66-ஐ நிரப்பவே பிஸ்டன் 5 மில்லிமீட்டருக்கு மேல் நகர வேண்டும். லீவரின் நுனி அதைப்போலப் பல மடங்கு நகரும். இது ஓர் அடிக்கான கணக்கு, அதுவும் தரத்தின் எல்லைக்குள் நிற்கும் புது ஹோஸுக்கு. என் வண்டியின் ஹோஸ் மூன்று அடி நீளம், 21 வயது. அழுத்தியதில் எவ்வளவு பேடுக்குப் போனது, எவ்வளவு ரப்பரை உப்ப வைக்கவே செலவானது என்று யோசித்தபோது வயிற்றைக் கலக்கியது.

ஆனால் மலையில் லீவர் முழுக்க விழுந்ததற்கு ஹோஸ் மட்டும் காரணமில்லை. திரவமும் கெட்டிருந்தது. மாஸ்டர் சிலிண்டர் மூடியைத் திறந்து பார்த்தேன். கருப்பட்டிக் காப்பி நிறத்தில், அடியில் வண்டலோடு கிடந்தது. புதிதாக ஊற்றும்போது அது ஏறக்குறைய தண்ணீர் போல, இலேசான மஞ்சள் சாயலோடு இருக்கும்.

பட்டறைகளில் இதை 'பிரேக் ஆயில்' என்றும் 'டிஸ்க் ஆயில்' என்றும் சொல்கிறோம். அந்தப் பெயரே ஒரு வம்பு. அது எண்ணெயே அல்ல, கிளைக்கால் ஈதர் வகையைச் சேர்ந்த வேறொரு திரவம். காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது அதன் குணம். ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகக்கூட ஆண்டுக்கணக்கில் ஈரம் கசிந்து உள்ளே போகும். நீர் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். டாட் 4 என்று முத்திரை குத்தப்பட்ட திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் தரம் எதிர்பார்ப்பதே 155 டிகிரிதான். டாட் 3-க்கு இந்த எண்கள் 205-ம் 140-ம். இரண்டு பேரைச் சுமந்துகொண்டு 30 வளைவுகள் ஒற்றை டிஸ்க்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கினால் காலிப்பருக்குள் அந்தச் சூடு வந்துவிடுகிறது. கொதித்தால் ஆவி. ஆவி சுருங்கும். லீவரை அழுத்தினால் அந்த ஆவிதான் நசுங்குகிறது, பேட் அசைவதில்லை. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிடுகிறது, லீவர் கெட்டியாகிவிடுகிறது. மலையில் எங்களை ஏமாற்றியது இதுதான்.

யமஹா வண்டிகளின் கையேடுகளில் பிரேக் திரவத்தை 2 ஆண்டுக்கு ஒரு முறையும் ஹோஸை 4 ஆண்டுக்கு ஒரு முறையும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். படித்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. நான்கு ஆண்டு என்றால் ஐந்து ஹோஸ் மாறியிருக்க வேண்டிய காலத்தை ஒரே ஹோஸ் ஓட்டியிருக்கிறது.

கம்பெனி ஹோஸ் கேட்டு நான்கு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் மட்டும் இருந்தது, பாலித்தீன் உறை மங்கிப்போய். அப்பா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். ஓடாமல் அலமாரியில் கிடந்தாலும் ரப்பருக்கு வயது ஏறும். பழைய வண்டிக்குப் பொருள் தேடுகிறவர்கள், பிரிக்காத பெட்டியில் அசல் பாகம் கிடைத்தால் புதையல் கிடைத்ததாக மகிழ்ந்துபோகிறோம். இரும்பில் அது சரி. ரப்பரில் அந்தப் புதையலை நம்பக் கூடாது.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஊரில் தெருவுக்குத் தெரு ரிக் வண்டிக்கு ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. 200 பார், 300 பார் அழுத்தம் தாங்கும் குழாயை வெட்டி, முனையைச் சொருகி, இயந்திரத்தில் வைத்து அழுத்தினால் பத்து நிமிட வேலை. பிரேக்கில் 1,000 பவுண்டு என்றால் 70 பார்கூட இல்லை. இதிலேயே ஒன்று அடித்துவிட்டால் என்ன? அப்பாவோடு ஒரே ரிக்கில் மத்தியப் பிரதேசம் போய்வந்தவர் ஒருவர் இப்போது அந்தக் கடை வைத்திருக்கிறார். அவரிடம் போனோம்.

பழைய ஹோஸைக் கையில் வாங்கியதுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "இதை நான் அடிக்க மாட்டேன் அண்ணா" என்றார் அப்பாவிடம். "அழுத்தம் தாங்கும். உங்கள் பிரேக் ஆயிலைத் தாங்காது." மேசை டிராயரைத் திறந்து, லாரிச் சக்கர சிலிண்டரின் ரப்பர் கப் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பக்கத்திலேயே அதே அளவில் ஒரு புதுக் கப். முதலாவது மழையில் முளைத்த காளானைப் போல ஊதி, விளிம்பு மடிந்து, நகத்தால் கீறினால் பிய்ந்து வந்தது. யாரோ ஓர் ஓட்டுநர் அவசரத்துக்கு பிரேக் ஆயில் கிடைக்காமல் எஞ்சின் ஆயிலை ஊற்றியதன் விளைவு.

ரப்பரில் சாதி பல. ரிக் ஹோஸின் உட்சுவர் நைட்ரைல் ரப்பர். அது கனிம எண்ணெயோடு காலம் தள்ளும், கிளைக்கால் திரவம் பட்டால் கெடும். பிரேக் ஹோஸும் பிரேக் சீல்களும் இபிடிஎம் வகை ரப்பர். அது கிளைக்காலோடு ஒத்துப்போகும், எண்ணெய் பட்டால் ஊதிச் செத்துவிடும். வெளியே பார்க்க இரண்டும் ஒரே கறுப்பு. 'ஆயில்' என்ற ஒரு சொல் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால் எத்தனை பிரேக்குகள் கெட்டிருக்குமோ! காசு வரும் வேலையைத் தனக்குத் தெரிந்த காரணத்துக்காக மறுத்த அந்த மனிதரை நான் நன்றியோடு நினைக்கிறேன். வேறு கடையாக இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் அடித்துக் கொடுத்திருப்பார்கள். நானும் மாட்டியிருப்பேன்.

எதை வாங்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். உள்ளே பிடிஎஃப்இ குழாய், மேலே துருப்பிடிக்காத எஃகுக் கம்பிப் பின்னல், அதற்கும் மேலே பிளாஸ்டிக் உறை. பிடிஎஃப்இ என்பது நம் வீட்டு ஒட்டாத தோசைக்கல்லில் பூசியிருக்கும் அதே பொருள். அது கிடைத்த கதை எனக்குப் பிடிக்கும். 1938 ஏப்ரல் 6 அன்று, அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ராய் பிளங்கெட் குளிர்பதன வாயு ஆராய்ச்சிக்காக ஒரு சிலிண்டரைத் திறந்தார். வாயு வரவில்லை. எடை போட்டால் சிலிண்டர் காலியில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பொடி. வாயு தானாகவே இணைந்து திடப்பொருளாகியிருந்தது. ஏறக்குறைய எந்த ரசாயனமும் அதை அரிப்பதில்லை. பிரேக் திரவம் எந்த வகையானாலும் அதற்கு ஒன்றுதான். தனியாக அது அழுத்தம் தாங்காது, அதற்குத்தான் எஃகுப் பின்னல் சட்டை. இரண்டும் சேர்ந்தால் விரிவு மிகக் குறைவு.

கோயம்புத்தூரில் ஒரு கடையில் அளவு சொன்னால் முனை பொருத்திச் சோதித்துத் தருவார்கள் என்றார். அளவெடுப்பதுதான் முதல் பாடம். பழைய ஹோஸை நீட்டி அளந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அப்பா அதற்கு ஒப்பவில்லை. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, முன் சக்கரம் தொங்கி ஃபோர்க் முழுக்க நீண்ட நிலையில், சணல் கயிற்றை ஹோஸ் போகும் தடத்திலேயே ஓட்டி, ஹேண்டில்பாரை இடது ஓரம், வலது ஓரம் என்று முழுக்கத் திருப்பிப் பார்த்தார். எந்த நிலையிலும் கயிறு இழுபடக் கூடாது, டயரையோ மட்கார்டையோ உரசவும் கூடாது. 92 சென்டிமீட்டர் வந்தது. இரண்டு முனையிலும் வளையம் போன்ற பாஞ்சோ முனை, அதன் நடுவே போகும் துளையுள்ள போல்ட். பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் போல இருப்பதால் வந்த பெயர். போல்ட்டின் புரியையும் அளந்து சொல்ல வேண்டும். 10 மில்லிமீட்டர் போல்ட்டிலேயே புரி இடைவெளி 1.25 என்றும் 1.0 என்றும் இரண்டு உண்டு. மாற்றிப் போட்டு முறுக்கினால் அலுமினிய உடம்பின் புரி போய்விடும். என்னுடையது 1.25.

1,800 ரூபாய் கொடுத்தேன். சந்தையில் இதைவிட மலிவாக, எஃகுப் பின்னல் போலவே மின்னும் குழாய்கள் தொங்குகின்றன. சிலவற்றில் உள்ளே சாதாரண ரப்பர், மேலே அழகுக்கு ஒரு வலை. முனையை உற்றுப் பார்த்தால் தெரியும். பின்னல் முனையின் காலருக்குள் போய் இறுகியிருக்க வேண்டும். காலருக்கு வெளியே பசை போட்டு நின்றால் தொடவே வேண்டாம். உறையில்லாத வெற்று எஃகுப் பின்னலையும் நான் எடுக்கவில்லை. அது உரசும் இடத்தையெல்லாம் அரம் போல அறுக்கும், மண் துகள் இழைகளுக்குள் புகுந்தால் தன்னையே அறுத்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை வேலை. பெட்ரோல் டேங்கின் மேல் இரண்டு ஈரத் துண்டுகளை விரித்தோம். பிரேக் திரவம் பெயின்ட்டைத் தின்றுவிடும், பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பழைய திரவத்தைக் காலிப்பரில் உள்ள சிறு வடிமூக்கான நிப்பிள் வழியாக வடித்துவிட்டு, இரண்டு போல்ட்டையும் 12-ஆம் நம்பர் ஸ்பானரால் தளர்த்தினேன். ஹோஸ் கையோடு வந்தது. ஒரு முனைக்கு இரண்டு என்று நான்கு காப்பர் வாஷர்கள். பழையவற்றைத் துடைத்துப் போட்டுவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். செம்பு ஒரு முறை நசுங்கித்தான் அடைப்பைத் தருகிறது. நசுங்கிய வாஷர் மறுபடியும் நசுங்காது. நான்கும் புதிது, முப்பது நாற்பது ரூபாய் சமாசாரம்.

போல்ட்டை இறுக்குவதில்தான் பலர் பலத்தைக் காட்டிவிடுகிறார்கள். ஜப்பானிய வண்டிகளின் கையேடுகள் பெரும்பாலும் இந்த போல்ட்டுக்கு 25 முதல் 35 நியூட்டன் மீட்டருக்குள்தான் சொல்கின்றன. நடுவே துளையிட்ட போல்ட் அது, மிஞ்சினால் கழுத்தோடு முறியும். இறுக்கும் விசையை எண்ணில் காட்டும் டார்க் ரெஞ்சை அப்பா பிடித்ததில்லை, ஆனால் வாடகைக்கு ஒன்று கொண்டுவரச் சொன்னவர் அவர்தான். "கைக்கணக்கு ரிக்குக்கு. பிரேக்குக்கு எண் வேண்டும்" என்றார்.

பிறகு ஏர் எடுக்கும் வேலை. முழுக்கக் காய்ந்துபோன குழாய் என்பதால் மேலிருந்து லீவரை அடித்தால் திரவம் இறங்கவே இல்லை. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய பெரிய சிரிஞ்ச்சிலும் சலைன் டியூபிலும் புது டாட் 4-ஐ நிரப்பி, காலிப்பர் நிப்பிளில் மாட்டி, கீழிருந்து மேலாக மெல்லத் தள்ளினேன். மேலே மாஸ்டர் சிலிண்டர் தொட்டியில் குமிழிகள் பொலபொலவென்று வந்தன. காற்று மேலே போகத்தான் விரும்பும், அதன் போக்கிலேயே விட்டால் வேலை பாதியாகிவிடுகிறது. அதற்கு முன்பே தொட்டியின் அடியிலிருந்த இரண்டு துளைகளையும் பார்த்துவிட்டேன். ஒன்று கண்ணுக்குத் தெரியும், இன்னொன்று ஊசிமுனை அளவு. அது வண்டலில் அடைத்துக் கிடந்தது. ஒற்றைச் செம்பு இழையால் குத்தி எடுத்தேன். லீவரை விட்ட பிறகு திரவம் திரும்பி வரும் வழி அது. அடைத்திருந்தால் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். மலையில் அவ்வளவு சூடு ஏறியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பிறகு வழக்கமான முறை. அப்பா லீவரில். "அழுத்துங்கள்… பிடியுங்கள்" என்றதும் நான் 8-ஆம் நம்பர் ஸ்பானரால் நிப்பிளைக் கால் சுற்று திறப்பேன், டியூபில் திரவம் ஓடும், மூடுவேன், "விடுங்கள்" என்பேன். மூடும் முன் விட்டுவிட்டால் காற்று திரும்பி உள்ளே போய்விடும். இருபது முப்பது தடவை. டியூபில் குமிழி நின்ற பிறகும் லீவர் முழு மனதாகக் கெட்டிப்படவில்லை. மாஸ்டர் சிலிண்டரை ஒட்டிய மேல் பாஞ்சோவில் ஒரு குமிழி ஒளிந்திருக்கும் என்றார் அப்பா. துணியைச் சுற்றி அந்த போல்ட்டை அழுத்தத்தோடு இலேசாகத் தளர்த்தி இறுக்க, நுரை நுரையாக வந்தது. இரவு சைக்கிள் டியூப் பட்டையால் லீவரைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் படுத்தோம். காலையில் அவிழ்த்ததும் கடைசிக் குமிழிகள் தொட்டியில் ஏறி வந்தன. போல்ட்டுகளைச் சுற்றி டிஷ்யூ காகிதத்தைக் கட்டி, லீவரை ஒரு முழு நிமிடம் இறுக்கிப் பிடித்தேன். காகிதம் இரண்டும் காய்ந்தே இருந்தன. அப்பா மறுபடியும் ஹோஸை மூன்று விரல்களால் பற்றினார். நான் அழுத்தினேன். "நாடி இல்லை" என்றார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எஃகு ஹோஸ் மாட்டினால் பிரேக்கின் பலம் இரட்டிப்பாகும் என்று விற்கிறவர்கள் சொல்கிறார்கள். அப்படி இல்லை. வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை முடிவுசெய்வது டயரும் சாலையும். காலிப்பரும் டிஸ்க்கும் பழையவைதான். எனக்குக் கிடைத்த மாற்றத்தில் பெரும்பங்கு புதுத் திரவத்துக்கும் திறந்த அந்த ஊசித்துளைக்கும் உரியது. கம்பெனியின் புது ரப்பர் ஹோஸ், அண்மையில் தயாரானது கிடைத்திருந்தால் அதைப் போட்டே முக்கால்வாசி பலனை அடைந்திருப்பேன். எஃகுப் பின்னல் கூடுதலாகக் கொடுத்தது அளவறியும் நுட்பம். முன்பு லீவர் பாதி தூரம் வரும்வரை ஒன்றும் நடக்காது, பிறகு பிடிக்கும். இப்போது பேட் டிஸ்க்கைத் தொடும் அந்தக் கணம் விரலுக்குத் தெரிகிறது. மணல் கிடக்கும் வளைவில் எவ்வளவு கொடுக்கலாம், எங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்பதை இரண்டு விரல்களால் அளந்து கொடுக்க முடிகிறது. இதை எல்லோரும் வீட்டில் செய்யலாம் என்றும் நான் சொல்ல மாட்டேன். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அந்த வண்டிகளில் குழாய்கள் அதிகம், நடுவே ஒரு பெட்டியும் உண்டு, அதிலிருந்து காற்றை எடுப்பது வேறு வித்தை. அது பட்டறையின் வேலை.

பழைய ஹோஸை ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். வெளித்தோலுக்கும் உட்குழாய்க்கும் நடுவே பலத்துக்காகப் பின்னியிருந்த நூல், காலிப்பர் பக்கத்து ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்பேறியிருந்தது. நகத்தால் பிடித்து இழுத்தேன். காய்ந்த வாழைநார் போல இழை இழையாக வந்தது, பிறகு பொடியாக உதிர்ந்தது. 21 ஆண்டு எங்கள் உயிரைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்த நூல்.

முதல் ஒரு வாரம் ஊருக்குள்ளேயே ஓட்டினேன். தினமும் காலையில் போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம் இல்லை. ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு நாளில், அப்பாவே "மலைக்குப் போகலாமா?" என்று கேட்டார். மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் அன்னாசியும் மிளகும் வாங்கிக்கொண்டு இறங்கினோம். இந்த முறை இரண்டாவது கியரில், எஞ்சினையே பாதி பிரேக்காக வைத்துக்கொண்டு. பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கிய தவறு என்னுடையது, எந்த ஹோஸும் அதைச் சரிசெய்யாது. 38-ஆவது வளைவு வந்தபோது அப்பா என் தோளைத் தட்டினார். நிறுத்தினேன். இறங்கி வந்து டிஸ்க்கின் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார், ஹோஸை ஒரு முறை தடவினார், லீவரை அவரே அழுத்தினார். ஒன்றும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சீட்டைக் கழற்றச் சொன்னார். ரிக்கில் ஹோஸ் மாற்றினால் இரும்புச் சட்டத்தில் தேதி எழுதுவார்களாம், அடுத்த ஷிஃப்ட்டில் வருகிறவனுக்குத் தெரிவதற்காக. வெள்ளைப் பெயின்ட்டைத் தொட்டு, மெல்லிய பிரஷ்ஷால், சீட்டின் அடிப்பக்கம் எழுதினார்: 'ஹோஸ் 9-2023. ஆயில் 9-2023, அடுத்தது 9-2025.' ஹோஸுக்கு அடுத்த தேதி என்ன போடுவது என்று என்னைக் கேட்டார். எஃகு ரப்பரைவிட நீண்ட நாள் வருமே என்றேன். அவர் பிரஷ்ஷைக் கீழே வைக்காமல் காத்திருந்தார். நான் சொன்ன ஆண்டை அதன் கீழே எழுதிவிட்டு, காயும்வரை சீட்டை வெயிலில் சாய்த்து வைத்தார்.